அரசுத் தரப்பு பாக்கியசாமி

பாதி முகம் மழித்தாயிற்று. மறுபாதியில் சோப்பு நுரை அப்படியே நிற்கிறது. தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி ஒரு பெருமூச்சு விட்டு ஓய்ந்துவிடுகிறது. திண்டிவனம் பேருந்து நிலையத்தை ஒட்டிய அந்தச் சலூனில் காத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டத் தொடங்குகிறார்கள். பாக்கியசாமி நாற்காலியில் சாய்ந்தபடியே வலது கையை உயர்த்துகிறார். சலூன்காரர் கண்ணையன் கத்தியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். இந்த வக்கீல் கையைத் தூக்கினால் அடுத்து தலையும் திரும்பும் என்பது அவருக்கு அனுபவம்.

"இருங்க, இருங்க. அணையில தண்ணி இருந்தாத்தான் மிஷினு சுத்தும். காத்து அடிச்சாத்தான் காத்தாடி சுத்தும். ரெண்டும் இல்லன்னா அரசாங்கம் இன்னா பண்ணும்? வாயால ஊதிக்கினா இருக்கும்?"

"அதுக்காக பாதி நாளு கரண்ட்ட புடுங்கறதா வக்கீல் சார்?"

"மீதிப் பாதி நாளு குடுக்குதா இல்லியா? அதுக்கு ஒருத்தராவது நன்றி சொல்லியிருக்கீங்களா?"

சலூன் சிரிக்கிறது. அவர் சிரிப்பதில்லை. நகைச்சுவைக்காக அவர் இதைச் சொல்லவில்லை. நுரை காய்ந்து பொருக்கு தட்டும்வரை மின்வாரியத்துக்காக வாதாடிவிட்டு, "ம், இப்ப வழி," என்று கன்னத்தைக் கொடுக்கிறார்.

இந்த 2012ஆம் ஆண்டில் அவர் எந்த அரசுக்கும் வழக்கறிஞர் இல்லை. முன்பு சில காலம் இருந்தார். பதவி போன பிறகும் வாய் மட்டும் பழைய உத்தியோகத்திலேயே இருக்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் அவருக்கு அது ஒரே அரசாங்கம்தான். பேருந்து தாமதமானால் போக்குவரத்துக் கழகத்தின் பக்கம். ரேஷன் அரிசியில் கல் இருந்தால் கிடங்கின் பக்கம். "கல்லு இல்லாத பூமி எங்கியாவது இருக்குதா? அரிசி பூமியிலதான வெளையுது?" மழை பொய்த்துப்போன ஓராண்டு, மாதா கோயில் வாசலில் விவசாயிகள் அங்கலாய்த்துக்கொண்டிருந்தபோது, கடவுளின் தரப்பிலும் கொஞ்ச நேரம் பேசினார். பங்குச் சாமியாரே வெளியே வந்து, "போதும் பாக்கியம், அவர் பாத்துக்குவாரு," என்று அடக்க வேண்டியிருந்தது.

ஆள் குட்டை. குரல் அவரைவிட ஒரு முழம் உயரம். கறுப்புக் கோட்டின் வலது பையில் எப்போதும் அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, இருக்கும். விழுப்புரம் பேருந்தில் நின்றுகொண்டே தின்பார். தோலைத் தெருவில் போட மாட்டார். நகராட்சிச் சட்டம் இடது பையைத்தான் அனுமதிக்கிறது. வீட்டில் சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்தால், "இன்னொரு கரண்டி ரசம் ஊத்தவா?" என்ற கேள்விக்கு "ஆமாம்" என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. "ஆட்சேபணை இல்ல" என்பார்.

நான் அவர் வீட்டு மாடியில் பதினைந்து வருடமாகக் குடியிருக்கிறேன். அஞ்சல் துறையில் எழுத்தர். ஒலக்கூர் அஞ்சலகத்தில்தான் நெடுநாள் வேலை. அவருடைய மனைவி இருதயசெல்வியும் அதே ஒலக்கூரில், ஒன்றிய அலுவலகத்தின் குடிநீர்ப் பிரிவில் உதவியாளர். அவர் பேசுவது குறைவு. ஒன்றியத்தில் எந்த ஊரில் எந்த அடிபம்பு எந்தப் பக்கம் கோணிக்கொண்டு நிற்கிறது என்பது மட்டும் அவருக்கு மனப்பாடம். அந்தக் காலத்தில் கீழ்வீட்டில் ஒருவர் மாநில அரசின் வக்கீல், ஒருவர் மாநில அரசின் ஊழியர். மேலே நான் மத்திய அரசு. அதனால் 2003ஆம் ஆண்டு ஜூலையில் அந்த வீட்டில் போர் மூண்டபோது, இருவரும் என்னை நடுநிலை நாடாக அங்கீகரித்துவிட்டார்கள்.

ஓய்வூதியத்திலும் வேறு சலுகைகளிலும் கைவைத்துவிட்டார்கள் என்று அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் அந்த மாதம் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். முதல் நாளுக்கு முந்தைய சாயங்காலம் செல்வியக்கா கணவரிடம், "நாளையிலேர்ந்து ஆபீசு போவல," என்றார்.

"ஒடம்பு சரியில்லியா?"

"ஸ்ட்ரைக்கு."

பாக்கியசாமி எழுந்து நின்றார். பிறகு அவர் பேசியது மாடியில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. தெருமுனை இட்லிக் கடைக்கும் கேட்டிருக்கும். அரசியல் சாசனம், ஒழுங்கு, பொதுமக்களின் துயரம் எல்லாம் வந்தன. முடிவில் செல்வியக்காவின் குரல் கேட்டது: "முடிஞ்சுதா? மனு தள்ளுபடி. கை கழுவிக்கினு வாங்க, சோறு ஆறுது."

அரசு சும்மா இருக்கவில்லை. டெஸ்மா என்று ஊரெல்லாம் பேசிய அந்த அத்தியாவசியப் பணிச் சட்டத்தை அவசரம் அவசரமாகத் திருத்தியது. வேலைநிறுத்தம் செய்கிறவரை விசாரணை இல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஆக்கியது. அனுப்பியும்விட்டது. மாநிலம் முழுக்க லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஒலக்கூர் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் செல்வியக்காவின் பெயரும் இருந்தது. அதைப் படித்தவர் வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். நான் மாடிப்படியில் நின்று துக்கம் விசாரித்தேன். "வெள்ளரிப் பிஞ்சு நல்லா இருக்குது சார், ரெண்டு எடுத்துக்குங்க," என்றார்.

பாக்கியசாமிக்கு அன்று முகமே இல்லை. இருபது வருடச் சர்வீஸ் உள்ள மனைவியை அவருடைய கட்சிக்காரரான அரசு ஒரே கையெழுத்தில் தள்ளிவிட்டது. ஆனாலும் கட்சிக்காரர் கட்சிக்காரர்தானே. சாப்பிட்டு முடித்ததும் அவருக்கு ஒரு வாதம் உதித்தது. தானே அதை ரசித்தபடி சொன்னார்: "செல்வி, நீ தப்பா எடுத்துக்கக் கூடாது. சட்டம் இன்னா சொல்லுது? பணிதான் அத்தியாவசியம். ஆள் அல்ல."

செல்வியக்கா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பாத்திரத்தைத் தேய்க்கும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்டது.

அதற்குள் சங்கத் தலைவர்களைப் போலீஸ் தேடிப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. விழுப்புரம் கருவூலத்தில் வேலை பார்த்த பாஞ்சாலி, சங்கத்தின் மகளிர் அணிச் செயலாளர். ஒலிபெருக்கி இல்லாமலே கூட்டம் நடத்தக்கூடிய பெண்மணி. அவர் மட்டும் அகப்படவில்லை. அந்த வாரத்தில் ஒரு மத்தியான வெயிலில், குடையை முகம்வரை தாழ்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் எங்கள் வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே போனார். கணவர் வந்ததும் செல்வியக்கா அறிமுகப்படுத்தினார்:

"இது லூசியா. முகையூரு. எங்க பெரியம்மா பொண்ணு. காமாலைக்கு மருந்து குடிக்க வந்துருக்குது. கொஞ்ச நாளு இங்கதான் இருக்கும்."

மாவட்டம் முழுக்க வலைவீசித் தேடும் போலீஸ், அரசு வழக்கறிஞர் வீட்டுக் கதவை மட்டும் தட்டாது என்று அக்கா கணக்குப் போட்டிருக்கிறார். வந்திருப்பது பாஞ்சாலிதான் என்று என்னிடம் மறுநாளே சொல்லிவிட்டார். "நீங்க மத்திய அரசு, ஒங்களுக்கு இதுல சம்பந்தம் இல்ல. ஆனா தெரிஞ்சிருக்கணும்."

லூசியா கன்னத்தில் மஞ்சள் பூசிக் காமாலைக்காரியாக ஆனார். நெற்றியில் வருடக்கணக்காகப் பொட்டு இருந்த இடம் மட்டும் ஒரு சுற்று வெளுத்துத் தெரிந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் சாயங்கால செபத்தில் வந்தது. அந்த வீட்டில் விளக்கு வைத்ததும் செபமாலை சொல்வார்கள். பாக்கியசாமி முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்ல வேண்டும். மண்டகப்பட்டு முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டி வளர்ந்த பாஞ்சாலிக்கு 'அருள் நிறைந்த மரியே' எங்கே தெரியும்? உதட்டை மட்டும் அசைத்தார். இரண்டாம் நாள் பாக்கியசாமி நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்தார்.

"முகையூர்ல செபம் ரொம்ப மெதுவா சொல்லுவாங்க போலக்குது."

"ஆமா மாமா. காமாலை வேற."

"பரவால்லம்மா. நானே ரெண்டு பக்கமும் சொல்லிடறேன்."

அன்றிலிருந்து இரண்டு பாதியையும் அவரே உரக்கச் சொன்னார். மாடியில் இருந்த எனக்கு அப்போது அவர்மேல் எந்தச் சந்தேகமும் வரவில்லை. பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டாரே என்றுதான் நினைத்தேன்.

பாஞ்சாலிக்காக அவருடைய வக்கீல் சக்கரபாணி முன்ஜாமீன் மனுப் போட்டார். அதை எதிர்க்கும் பொறுப்பு, வேறு யார் தலையிலும் விழாமல் பாக்கியசாமி தலையில் விழுந்தது. மேலிடத்தில் மனைவியின் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தாராம். "இது உங்க வூட்டம்மா கேஸ் இல்லையே, நடத்துங்க," என்று சொல்லிவிட்டார்கள்.

வழக்குக் கட்டோடு சப்-இன்ஸ்பெக்டர் மணிமாறன் ஒரு காலை வீட்டுக்கே வந்தார். நான் செய்தித்தாள் வாங்கக் கீழே போயிருந்தேன்.

"அந்த பாஞ்சாலி ஒண்ணுதான் சார் பேஜாரு பண்ணுது. செஞ்சி, மயிலம், வானூர், எல்லா எடமும் பாத்தாச்சு. மண்டகப்பட்டுல அதோட அண்ணன் வூட்ல மல்லாட்டை மூட்டையக்கூட எறக்கிப் பாத்துட்டோம்."

"மூட்டைக்குள்ள எப்படிப்பா ஒரு பொம்பள இருக்கும்?"

"மேல கேக்கறாங்களே சார். மூட்டைய பாத்தியான்னா, பாத்தேன்னு சொல்லணும் இல்ல?"

அப்போது காபித் தட்டோடு வந்தது லூசியா. நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டேன். மணிமாறன் டம்ளரை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"புதுசா இருக்காங்களே சார்?"

"வூட்டுக்காரம்மாவுக்குத் தங்கச்சின்னு சொல்லிக்கிறாங்க," என்றார் பாக்கியசாமி.

மணிமாறன் ஏதோ வீட்டு நகைச்சுவை என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். லூசியாவும் சிரித்தார். "ஊர்ல மழை உண்டா அக்கா?" என்று கேட்டார் மணிமாறன். "பெய்யுது தம்பி, பெய்யுது," என்று பதில் வந்தது. காபி நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, தேடப்படுகிறவரின் கையில் காலி டம்ளரைக் கொடுத்துவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

அன்று சாயங்காலம் வாத ஒத்திகை. பாக்கியசாமிக்கு எதிரே யாராவது நீதிபதியாக உட்கார்ந்தால்தான் பேச்சு வரும். வழக்கமாக அந்த வேலை எனக்கு. அன்று அவர் என்னை ஒதுக்கிவிட்டார். "போஸ்டல் சார், நீங்க தூங்கிடறீங்க. லூசியா, நீ ஜட்ஜா ஒக்காரும்மா."

பாஞ்சாலி சாய்வு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்தார்.

"யுவர் ஆனர், தலைமறைவாக உள்ள பாஞ்சாலி என்பவர், ஒன்றுமறியாத ஊழியர்களைத் தூண்டிவிட்டு…"

"ஒண்ணும் அறியாதவங்களா? எல்லாம் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவங்க இல்லியா மாமா?"

"ஜட்ஜு மாமான்னு கூப்புடக் கூடாது." ஆனால் தாளில் 'ஒன்றுமறியாத' என்ற வார்த்தையை அடித்துவிட்டுத் தொடர்ந்தார். ஓர் இடத்தில் அவர் குரல் மாறியது. மேடைக்குரல் இறங்கி மனிதக்குரல் வந்தது. "நான் சும்மா வாதத்துக்குச் சொல்லல. ஒலக்கூர் பக்கத்துல ஒரு காலனி. அடிபம்பு ஒடஞ்சு நாலு நாளாவுது. பாக்கறதுக்கு ஆபீசுல ஆளில்ல. பொம்பளைங்க கொடத்த எடுத்துக்கினு கரும்புக் கொல்லைக் கெணத்துக்கு நடக்கறாங்க. தலைவரும் நடக்கல, மந்திரியும் நடக்கல. அரசாங்கம் நின்னுபோனா மொதல்ல தாகத்துக்குத் தவிக்கிறது யாரு? அதுக்குத்தான் இந்தச் சட்டம். அது கடுமைதான். நான் இல்லன்னு சொல்லல."

பாஞ்சாலி கால்மேல் போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார். அடுப்பங்கரையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கரண்டிச் சத்தமும் நின்றுவிட்டது.

மறுநாள் காலை, மாதா கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் செல்வியக்கா புறப்பட்டார். பத்து மணி சுமாருக்கு ஒலக்கூர் அஞ்சலக ஜன்னல் வழியே பார்த்தால், பேருந்திலிருந்து அக்கா இறங்குகிறார். கூடவே அடிபம்பு மெக்கானிக் பெரியசாமி, தோளில் ஸ்பேனர் பையும் கையில் ஒரு நீளக் கம்பியுமாக. இருவரும் காலனிப் பக்கம் நடந்தார்கள். உணவு இடைவேளையில் நான் போய்ப் பார்த்தேன். பம்பின் தலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பெரியசாமி கம்பியை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். டிஸ்மிஸ் ஆன குடிநீர்ப் பிரிவு உதவியாளர் குடையைப் பிடித்தபடி, "இன்னும் ஒரு பைப்பு கீழ எறங்கணும், வாஷர் அங்கதான் தேஞ்சிருக்கும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வந்தது.

"ஸ்ட்ரைக்க ஒடச்சிட்டீங்களே அக்கா," என்றேன்.

"நான்தான் வேலையில இல்லியே சார். வேலையில இல்லாதவ எப்பிடி ஸ்ட்ரைக்க ஒடைக்க முடியும்? அவருகிட்ட சொல்லாதீங்க."

விசாரணை நாளன்று அக்கா என்னை அனுப்பினார். "நான் வந்தா நல்லா இருக்காது. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க." அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு விழுப்புரம் நீதிமன்றத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஊழியர்கள், ஊழியர்களின் குடும்பத்தார், வேடிக்கை பார்ப்பவர்கள் என்று கூடம் நிரம்பி வழிந்தது.

பாக்கியசாமி எழுந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று அவர் அருமையாகப் பேசினார். எதிரே உட்கார்ந்திருந்த சங்கத்துக்காரர்கள்கூட முறைப்பதை மறந்து கேட்டார்கள். நீதிபதி குறுக்கிட்டு, "மனுதாரரை எங்கெல்லாம் தேடினீர்கள்?" என்று கேட்டார்.

பாக்கியசாமி கட்டில் ஒரு தாளைப் புரட்டினார். பிறகு வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்: "காவல்துறைக்குத் தோன்றிய இடங்களில் எல்லாம் தேடியாகிவிட்டது, யுவர் ஆனர்."

'சொல்லிக்கிறாங்க' என்று மணிமாறனிடம் சொன்னதும், இரண்டு பக்கமும் தானே சொன்ன செபமும் அப்போதுதான் எனக்கு உறைத்தன. அவருக்குத் தெரியும். எப்போதிலிருந்து என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பொய் சொல்லாமல், ஆளையும் காட்டிக்கொடுக்காமல், கட்சிக்காரரையும் கைவிடாமல் அந்த மனிதர் ஒரு வாரமாக ஒற்றைக் கம்பியில் நடந்திருக்கிறார். அகப்பட்டால் பதவி மட்டுமல்ல, கோட்டும் போய்விடும்.

அடுத்து அவர் அடிபம்புக்கு வந்தார். கொல்லைக் கிணறு, குடம், வெயில். அவர் உட்கார்ந்ததும் சக்கரபாணி மெதுவாக எழுந்தார். ஒல்லி மனிதர். வெல்லக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையைக் கூப்பிடுவது போன்ற குரல்.

"யுவர் ஆனர், அரசு வழக்கறிஞர் குறிப்பிட்ட அடிபம்பில் கடந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து தண்ணீர் வருகிறது. மெக்கானிக்கை அழைத்துப் போய்ச் சரிசெய்ய வைத்தவர் ஓர் உதவியாளர். இந்தச் சட்டத்தின்கீழ் நீக்கப்பட்டவர். அவர் பெயர் இருதயசெல்வி." இங்கே கொஞ்சம் நிறுத்தினார். "கணவர் பெயர், பாக்கியசாமி."

கூடம் ஒருமுறை குலுங்கியது. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பாக்கியசாமி மெல்லத் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். நான் கூரையில் மின்விசிறி சுற்றும் அழகைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

நீதிபதி சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இந்தப் பணி ஒரு நாள்கூட நிற்கக் கூடாத அளவுக்கு அவசியம் என்கிறீர்கள். அதைச் செய்கிறவர்கள் ஒரே நாளில் வேண்டாதவர்கள் என்கிறீர்கள். இரண்டையும் நான் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது?"

"யுவர் ஆனர்," என்று எழுந்தார் பாக்கியசாமி. "பணிதான் அத்தியாவசியம்…"

மீதி வாக்கியம் அவரிடம் தயாராக இருந்தது. வீட்டில் ரசித்துச் சொன்ன வாக்கியம். வாய் திறந்திருந்தது. வரவில்லை. தண்ணீர் குடித்தார். மேசைமேல் இருந்த கட்டை நேராக்கினார்.

"ஆள்?" என்றார் நீதிபதி.

"அதுபற்றி அரசு எனக்கு அறிவுறுத்தல் எதுவும் தரவில்லை, யுவர் ஆனர்."

வக்கீல்களுக்கு அது சாதாரண வாக்கியம். பாக்கியசாமியின் வாயிலிருந்து அது வந்ததை அந்த நீதிமன்றத்தில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. காலையும் மாலையும் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு முன்ஜாமீன் கிடைத்தது.

திரும்பி வரும் பேருந்தில் அவர் மல்லாட்டையைத் தொடவில்லை. ஓட்டுநர் ரயில்வே கேட்டில் நெடுநேரம் நிறுத்தியபோது பயணிகள் ரயில்வேயைத் திட்டினார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்குள் நுழைந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கூடத்தில் நின்றிருந்த இரண்டு பெண்களையும் பார்த்தார்.

"லூசியா, கெளம்பும்மா. பாஞ்சாலிக்கு பெயில் கெடச்சிடுச்சு."

பாஞ்சாலி முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரிப்பு. பிறகு அது சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. மஞ்சள் கரைந்து புடவை முந்தானையில் இறங்கியது. "எப்ப மாமா தெரியும்?" என்று கேட்டார். "எனக்கு இப்பவும் ஒண்ணும் தெரியாது," என்றார் அவர். "ஜல்தி போம்மா, ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். மணிமாறன் இருந்தா, காபி நீ போட்டதுன்னு சொல்லிடாத."

மறுவாரமே மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பாக்கியசாமி அரசு வழக்கறிஞர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார், வேறொருவர் நியமிக்கப்பட்டார். அதை அவர் மனைவியிடம் சொன்னபோது நான் படிக்கட்டில் இருந்தேன். செல்வியக்காவுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருக்காது. பணிதான் அத்தியாவசியம், ஆள் அல்ல என்று அக்கா சொல்லப்போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன். பாக்கியசாமியும் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். தலையைக் குனிந்து காத்துக்கொண்டிருந்தார். அக்கா கிட்டே வந்தார். பிறகு அவர் தோளில் ஒட்டியிருந்த நூல் ஒன்றைக் கிள்ளி எடுத்துவிட்டு, "கருவாட்டுக் கொழம்பு வெச்சிருக்கறேன்," என்றார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு, அரசு பெரும்பாலானவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். செல்வியக்கா எழுதிக் கொடுத்தார். கையெழுத்தை மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாகப் போட்டதாக என்னிடம் சொன்னார். வழக்கு இருந்ததால் பாஞ்சாலிக்கு வேலை திரும்பக் கிடைக்க மேலும் பல மாதங்கள் ஆயின.

அக்கா மறுபடி வேலைக்குச் சேர்ந்த நாளன்று பாக்கியசாமி அவரைத் தன் ஸ்கூட்டரில் ஒலக்கூருக்குக் கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து கோட்டுப் போட்டபடியே விழுப்புரம் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஏதோ வரப்புத் தகராறு கேஸ். எதிரே அஞ்சலக வாசலில் நின்று நான் கையசைத்தேன். அக்கா உள்ளே போனார். சிறிது நேரத்தில் திரும்ப வெளியே வந்தார். ஓர் இளம்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் முகம் அழுது வீங்கியிருந்தது.

"இது கலைப்பிரியா," என்றார் கணவரிடம். "என் சீட்டுக்கு எடுத்த பொண்ணு. ஸ்ட்ரைக்கப்ப தொகுப்பூதியத்துல போட்டாங்களாம். இப்ப நான் உள்ள வந்துட்டேன், நாளையிலேர்ந்து வராதன்னு சொல்லிட்டாங்க."

"எங்கப்பா மாட்ட வித்து ஜாமான் வாங்கிக் குடுத்து ரூம்ல தங்க வெச்சாரு சார்," என்றாள் அந்தப் பெண். "நான் இன்னா சார் தப்புப் பண்ணேன்?"

அரசாங்கத்தின் தரப்பில் இதற்கு நாலு பதில் உண்டு. பாக்கியசாமிக்கு நாலும் தெரியும். நானே இரண்டை ஊகித்துவிட்டேன். அவர் அலுவலக வாசலில் கோபுர முத்திரையோடு தொங்கிய பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்திருந்த வக்கீல்களின் வெள்ளைக் கழுத்துப்பட்டையை எடுத்து, ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியில் குனிந்து பார்த்துக் கட்டிக்கொண்டார். கோட்டின் பித்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் போட்டார். அந்தப் பெண்ணுக்கு எதிரில் வந்து, நீதிபதிக்கு முன்னால் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

"அழாத," என்றார். "அப்பா பேரு சொல்லு, மனுவுக்கு எழுதிக்கறேன்."